கையெழுத்துப் போடுகிறவர்களுக்குப் பாடம் நடத்துங்கள்

ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியிலும் உலக வங்கியிலும் எரிசக்தித் துறைக்கான தலைமைப் பயிற்சிகளைத் திட்டமிடும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

2030க்குள் ஆப்பிரிக்காவில் 30 கோடிப் பேருக்கு மின்சாரம் கொடுப்போம் என்று 2024 ஏப்ரலில் உங்கள் இரு வங்கிகளும் சேர்ந்து அறிவித்தீர்கள். 2025 ஜனவரியில் தார் எஸ் சலாமில் நாட்டுத் தலைவர்கள் கூடி அதை ஆமோதித்தார்கள். சகாராவுக்குத் தெற்கே ஏறத்தாழ 60 கோடிப் பேர் இன்னும் கரன்ட் இல்லாமல் இருக்கும்போது இதைவிடப் பெரிய வேலை வேறு இல்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன். இந்த வேலைக்குத் தலைவர்களைத் தயார் செய்ய நடக்கும் பயிற்சிகள், அவர்கள் உண்மையில் மாட்டிக்கொள்ளும் இடத்தைத் தொடுவதே இல்லை.

நான் தமிழ்நாட்டைச் சேர்ந்த மின் பொறியாளன். உயர் அழுத்த மின்பாதை அமைக்கும் வேலையில் கிழக்கு ஆப்பிரிக்காவில் சில ஆண்டுகள் இருந்தேன். பிறகு ஆப்பிரிக்க அதிகாரிகள் கலந்துகொள்ளும் குறுகிய காலப் பயிற்சிகளில் அவ்வப்போது வகுப்பு எடுத்திருக்கிறேன். அப்படி ஒரு பயிற்சியின் தேநீர் இடைவேளையில் ஒரு நாட்டின் நிதி அமைச்சகத்தைச் சேர்ந்த இளம் அதிகாரி என்னிடம் வந்தார். பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். அவர் நாடு கையெழுத்திடப் போகும் மின் கொள்முதல் ஒப்பந்தத்தின் ஒரு பக்கம் அது. ஒரு பத்தியில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். மின்சாரத்தை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நிலையம் தயாராக இருந்தாலே பணம் கொடுக்க வேண்டும், அதை டாலரில் கொடுக்க வேண்டும், இருபது ஆண்டுகளுக்குக் கொடுக்க வேண்டும். "நாங்கள் மக்களிடம் வசூலிப்பது உள்ளூர்ப் பணம். அதன் மதிப்பு பாதியாகிவிட்டால் என்ன ஆகும், சார்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை வகுப்பில் எழுப்பச் சொன்னேன். எழுப்பினார். ஒப்பந்தங்கள் இந்தப் பயிற்சியின் பாடத்தில் இல்லை என்று பதில் வந்தது. அடுத்த ஸ்லைடு 2050ஆம் ஆண்டுக்கான தொலைநோக்கு பற்றியது.

அவர் கேட்டது கற்பனைக் கேள்வி அல்ல. கானாவைப் பாருங்கள். 2012 முதல் சில ஆண்டுகள் கடுமையான மின்வெட்டு. மக்கள் தெருவுக்கு வந்தார்கள். தேர்தல் நெருங்கியது. வந்த நிறுவனங்களோடெல்லாம் அவசர அவசரமாக ஒப்பந்தம் போட்டார்கள். 2019இல் அந்நாட்டு நிதியமைச்சரே நாடாளுமன்றத்தில் கணக்கைச் சொன்னார்: நிறுவப்பட்ட திறன் 5,000 மெகாவாட்டுக்கு மேல், உச்சத் தேவையோ 2,700 மெகாவாட் அளவில்தான். பயன்படுத்தாத மின்சாரத்துக்கு மட்டும் ஆண்டுக்கு 50 கோடி டாலருக்கு மேல் போனது. 2022 டிசம்பரில் கானா வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்தியதற்கு மின் துறையின் சுமை மட்டுமே காரணம் அல்ல, ஆனால் அதற்கும் பங்கு உண்டு. அந்த நிலையங்களில் பெரும்பாலானவை எரிவாயுவிலும் எண்ணெயிலும் ஓடுபவை என்பது உண்மைதான். ஆனால் இதே ஷரத்து சூரிய மின்சார ஒப்பந்தத்தில் வந்தாலும் கஜானாவுக்கு வலி ஒன்றுதான். சொல்லப்போனால் ஏற்கெனவே தேவைக்கு மேல் மின்சாரம் வாங்க ஒப்பந்தம் போட்டுவிட்ட ஒரு மின் நிறுவனம், விலை மலிந்த சூரிய மின்சாரம் வாசலில் வந்து நின்றாலும் வாங்க முடியாமல் தவிக்கும்.

இந்த ஒப்பந்தங்களைப் பேரம் பேசும் மேசையில் ஒரு பக்கம் லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் வந்த வழக்கறிஞர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மறுபக்கம் இரண்டு மூன்று அதிகாரிகள், பலருக்கு வாழ்நாளில் முதல் ஒப்பந்தம். இந்த இடைவெளியை உங்களில் சிலர் நன்றாகவே உணர்ந்திருக்கிறீர்கள். ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியின் கூரைக்குள்ளேயே ஆப்பிரிக்கச் சட்ட உதவி அமைப்பு இயங்குகிறது, அரசுகளுக்காகப் பேரம் பேச உதவுகிறது. கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் மேலாண்மைப் பள்ளியில் ஒழுங்குமுறை ஆணையத்தினருக்கும் மின் துறையினருக்கும் ஆழமான வகுப்புகள் பல ஆண்டுகளாக நடக்கின்றன. ஆனால் அமைச்சர்களையும் செயலர்களையும் அழைக்கும் பயிற்சிகளில் இந்தப் பாடங்கள் ஓரத்தில்தான் இருக்கின்றன. மேடையில் இருப்பது தொலைநோக்கு.

இரண்டாவது பாடம் கென்யாவில் கிடக்கிறது. துர்கானா ஏரிக்கு அருகே 365 காற்றாலைகள், 310 மெகாவாட். ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய காற்றாலைத் திட்டங்களில் ஒன்று. 2017இல் காற்றாலைகள் தயார். ஆனால் அங்கிருந்து சுஸ்வா துணை மின் நிலையம் வரை 400 கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டிய மின்பாதை தயாராகவில்லை. அதைக் கட்டிக்கொண்டிருந்த ஸ்பெயின் நிறுவனம் நொடித்துப்போனது. 2018 செப்டம்பரில்தான் கம்பியில் மின்சாரம் ஏறியது. அதுவரை காற்று வீசியது, ஒரு யூனிட்கூட ஊருக்கு வரவில்லை, வராத மின்சாரத்துக்குக் கென்யா இழப்பீடு கொடுக்க வேண்டியதாயிற்று. தேவைக்கு மேல் மின்சாரம் சேரும் என்ற கவலையில் 2012இலேயே உலக வங்கி அந்தத் திட்டத்திலிருந்து விலகியிருந்தது. ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி கூடவே நின்றது. ஆக, உங்கள் இரு அலுவலகங்களிலும் இதன் முழுக் கோப்பும் இருக்கிறது. அதைத் திறந்து பாடமாக்க வேறு யாருக்கு உங்களைவிட வசதி உண்டு?

மின்பாதை போடும் ஆளாகச் சொல்கிறேன்: ஒரு டவருக்கு நிலம் பெறுவது ஒரு காற்றாலையை நிறுத்துவதைவிடக் கடினம். வழி நெடுக நூற்றுக்கணக்கான பேரிடம் பேச வேண்டும். ஒருவர் மறுத்தாலும் பாதை அங்கே நிற்கும். தமிழ்நாட்டிலும் காற்று நன்றாக வீசிய மாதங்களில் மின்பாதை போதாமல் காற்றாலைகளை நிறுத்தச் சொன்ன ஆண்டுகள் உண்டு. சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசிய காற்றாலை நிறுவனத்துக்குப் பயிற்சிக்கு வரும் ஆப்பிரிக்கப் பொறியாளர்களுக்கு எங்கள் வெற்றிக் கதையோடு அந்த ஆண்டுகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

துர்கானாவில் இன்னொன்றும் நடந்தது. அந்தத் திட்டத்துக்கு ஒன்றரை லட்சம் ஏக்கர் நிலம் ஒதுக்கப்பட்டது. ஆடு மாடு ஒட்டகம் மேய்க்கும் மக்களின் சமூக நிலம் அது. உரிய முறைப்படி அது பெறப்படவில்லை என்று 2021 அக்டோபரில் மேருவிலுள்ள நிலம் மற்றும் சுற்றுச்சூழல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தூய்மையான மின்சாரம் என்பதற்காக நிலச் சட்டம் வளைந்து கொடுக்காது. இதை ஒரு அமைச்சருக்கு யார் சொல்லித்தர வேண்டும்? ஆலோசகர் அல்ல. மேய்ச்சல் நிலத்துக்காக வழக்கு நடத்திய அந்தச் சமூகத்தின் பெரியவர்கள் வகுப்பறைக்கு வந்து பேச வேண்டும்.

மூன்றாவதாகக் கோமாட்டி. தென்னாப்பிரிக்காவின் ம்புமலாங்கா மாகாணத்தில் 1961இல் தொடங்கிய நிலக்கரி மின் நிலையம். அதன் கடைசி அலகு 2022 அக்டோபர் 31 அன்று நிறுத்தப்பட்டது. அதற்கு ஓராண்டு முன்பு கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில், நிலக்கரியிலிருந்து தூய மின்சாரத்துக்கு மாறுவதற்காகப் பணக்கார நாடுகள் தென்னாப்பிரிக்காவுக்கு 850 கோடி டாலர் தருவதாகச் சொல்லியிருந்தன, அதில் பெரும்பகுதி கடன். கோமாட்டியை மாற்றியமைக்க உலக வங்கி ஏற்பாடு செய்த 49.7 கோடி டாலரும் நிலையம் மூடியபின், நவம்பரில்தான் ஒப்புதல் பெற்றது. அரசு மின் நிறுவனமான எஸ்காமின் நிரந்தர ஊழியர்கள் வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்கள், அவர்களை நம்பிச் சோறு விற்றவர்கள், அறை வாடகைக்கு விட்டவர்கள் யாருக்கும் மாறிப்போக வேறு இடம் இல்லை. மாற்று வேலைகளுக்கான ஏற்பாட்டை நிலையத்தை மூடும் தேதிக்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கியிருக்க வேண்டும். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதையாயிற்று. இன்று ம்புமலாங்காவில் "மாற்றம்" என்று பேச்செடுத்தாலே ஜனங்கள் கோமாட்டியைக் காட்டுகிறார்கள். அடுத்த நிலையத்தை மூடுவது அதனால் இன்னும் கடினமாகிவிட்டது.

இங்கே தலைவர் என்பவர் யார் என்று கேட்கிறேன். தொழிற்சங்கச் செயலர், நகராட்சித் தலைவர், அந்த வட்டாரத்தின் தொழிற்பயிற்சிக் கல்லூரி முதல்வர். இவர்களில் எத்தனை பேருக்கு உங்கள் அழைப்பிதழ் போகிறது? நைஜீரியாவில் 2023ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 36 மாநிலங்களுக்கும் தங்கள் மின் சந்தையைத் தாங்களே நடத்திக்கொள்ள வழி திறந்தது. மாநில ஒழுங்குமுறை ஆணையங்கள் புதிதாக முளைக்கின்றன. கட்டணம் நிர்ணயிப்பது எப்படி என்று தெரியாத ஒரு ஆணையம் ஒரே ஆண்டில் விநியோக நிறுவனத்தையும் கெடுக்கும், ஏழை வீட்டையும் கெடுக்கும். பயிற்சி இப்போது போகவேண்டியது தலைநகர் அபுஜாவுக்கு மட்டும் அல்ல.

பயிற்சியே வீண் என்று நான் சொல்லவரவில்லை. நல்ல பயிற்சி என்ன செய்யும் என்பதற்குக் பூமிக்கடியிலுள்ள வெப்பத்திலிருந்து கென்யா எடுக்கும் புவிவெப்ப மின்சாரமே சாட்சி. 1979 முதல் ஐஸ்லாந்தில் இதற்கான ஆறு மாதப் பயிற்சி நடந்துவருகிறது, 2019 வரை அது ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் பெயரில் நடந்தது. வருகிறவர்கள் தங்கள் நாட்டுப் புவிவெப்பப் பகுதியின் தரவுகளோடு வருவார்கள், அதை வைத்தே ஆய்வு எழுதுவார்கள், திரும்பிப்போய் அதே வேலையில் உட்காருவார்கள். கென்யர்கள் ஆண்டுதோறும் போனார்கள். 2005 முதல் குறுகிய வகுப்புகள் கென்யாவிலேயே நடக்க ஆரம்பித்தன. இன்று கென்யாவின் புவிவெப்ப மின்சார மையமான ஒல்கரியாவில் கிணறு தோண்டுவதும் நிலையத்தை நடத்துவதும் கென்யப் பொறியாளர்கள். கென்யாவின் மின் உற்பத்தி நிறுவனமான கென்ஜென் எத்தியோப்பியாவுக்கும் ஜிபூட்டிக்கும் போய்க் கிணறு தோண்டியது. நாற்பது ஆண்டுப் பொறுமையின் பலன் அது. ஐந்து நாள் ஹோட்டல் பயிற்சியில் அதை எதிர்பார்க்க முடியாது.

எனவே நான் கேட்பது இவைதான். தனி ஆளை அழைக்காதீர்கள். எரிசக்தி, நிதி, நிலம், தொழிலாளர் துறைகளிலிருந்து ஒரு நாட்டுக்கு ஒரு குழுவாக அழையுங்கள், ஏனென்றால் ஒப்பந்தத்தின் சுமை வந்து விழுவது நிதித்துறையின் தலையில், தடங்கல் வருவது நிலத்துறையிலிருந்து. அவர்கள் மேசையில் அப்போது இருக்கும் ஒப்பந்தமே பாடப் புத்தகமாகட்டும். கானாவின் சீடியும் கென்யாவின் ஷில்லிங்கும் சரிந்தால் கட்டணம் எங்கே போகும் என்று அவர்களே கணக்குப் போடட்டும். மழை பொய்த்தால் என்ன செய்வது என்பதும் அதில் இருக்கட்டும்: 2024 வறட்சியில் கரிபா அணையின் ஏரி வற்றி, நீர்மின்சாரத்தையே நம்பியிருந்த ஜாம்பியா நாளின் பெரும்பகுதி இருளில் இருந்தது. அரசு மாறினாலும் நாற்காலியில் இருக்கும் இடைநிலை அதிகாரிகளுக்கு முதலிடம் கொடுங்கள். பயிற்சி முடிந்தபின் இரண்டு மூன்று ஆண்டுகள் அவர்கள் போனில் கூப்பிட்டுக் கேட்க ஒரு அனுபவசாலியை ஏற்பாடு செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. கடன் கொடுக்கும் வங்கியும், காற்றாலையும் பேனலும் விற்கும் நிறுவனமும், பயிற்சிக்குப் பணம் தருவோரும் பல நேரங்களில் ஒரே பக்கத்து ஆட்கள். வாங்குபவருக்குப் பேரம் பேசக் கற்றுத்தரும் வகுப்பை விற்பவர் நடத்தக் கூடாது. பயிற்சியாளர்களின் சம்பளம் யாரிடமிருந்து வருகிறது என்பதை ஒவ்வொரு பயிற்சியின் முதல் நாளிலும் பங்கேற்பாளர்களுக்கு எழுத்தில் கொடுங்கள். அடுத்த தொகுதியிலிருந்தே இதைத் தொடங்க உங்களால் முடியும், இதற்குப் புதிதாக நிதி எதுவும் தேவையில்லை.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு மின்பாதைப் பொறியாளன்