கத்தரிச் செடியைப் பிடுங்கிவிடாதே

தருமபுரி,
வைகாசி

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிளஸ் டூ தேறிவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்தது. எந்தக் காலேஜில் சேர்க்கிறீர்கள்? அண்ணனுக்கு மூட்டுவலி குறைந்ததா? இங்கே இவருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டிவியில் கீழே ஓடும் எழுத்தையெல்லாம் கண்ணாடி இல்லாமலே படித்துக் காட்டுகிறார்.

சரி, கத்தரி விஷயத்துக்கு வருகிறேன். செடி தளதளவென்று இருக்கிறது, பூக்கவும் பூக்கிறது, ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை, எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் டைல்ஸ் போட்டுவிடலாம் என்று மகன் சொல்வதாக எழுதியிருக்கிறாய். தயவுசெய்து பிடுங்காதே. அந்தச் செடிக்கு ஒரு நோயும் இல்லை. வெயில்தான் காரணம்.

கத்தரி வெயில் தாங்கும் செடிதான். ஆனால் செடி தாங்குகிற வெயிலைப் பூ தாங்காது. 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் புழுங்கினால் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். பூ காம்போடு கழன்று விழும். ஓசூரில் உன் தங்கை வீட்டில் கொத்துக் கொத்தாகக் காய்க்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்காதே. ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரியில் நீயும் தருமபுரியில் நானும் அதற்குச் சில நூறு மீட்டர் கீழே, பாறைச்சூட்டில் உட்கார்ந்திருக்கிறோம். பங்குனி, சித்திரையில் நம் செடியிடம் காய் கேட்கக் கூடாது. உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றாலே போதும்.

நாளைக் காலையில் ஒரு பூவைத் திருப்பிப் பார். நடுவில் மகரந்தம் தருகிற மஞ்சள் கேசரங்கள் கூம்பாகச் சேர்ந்திருக்கும். அந்தக் கூம்பின் நுனியைத் தாண்டிப் மகரந்தத்தை ஏற்கிற சூல்முடி பச்சையாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது காய் பிடிக்கிற பூ. உள்ளேயே குட்டையாக மறைந்திருந்தால் அது உதிரத்தான் போகிறது. சூட்டிலும் சத்துக் குறைவிலும் இந்தக் குட்டைப் பூ அதிகம் வரும். நீட்டுப் பூ அதிகமாகத் தெரிய ஆரம்பித்தால் செடி தேறிவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று. கத்தரிப் பூவில் தேன் கிடையாது. மகரந்தமும் தூசியாகக் கொட்டிக் கிடக்காது, கேசரத்தின் நுனியில் உள்ள சின்னத் துளை வழியாகத்தான் வெளியே வரும். பூவைப் பிடித்துக்கொண்டு 'உர்ர்'ரென்று உடம்பை அதிரவைக்கிற வண்டு வந்தால்தான் நன்றாக உதிரும். நம் தேனீக்களுக்கு அந்த வித்தை தெரியாது, கருவண்டுக்குத் தெரியும். பந்தல் கழியில் ஓட்டை போடுகிறது என்று அண்ணன் விரட்டுவாரே, அதே கருவண்டுதான். அவரிடம் சொல்லி இரண்டு காய்ந்த கழிகளை அதற்காக விட்டு வைக்கச் சொல். மாடியில் வண்டு வராத தொட்டிச் செடிக்கு, காலை வெயில் ஏறுவதற்குள் பூங்கொத்தின் காம்பை விரலால் லேசாகச் சுண்டிவிட்டாலே போதும்.

இப்போதைக்கு நீ செய்ய வேண்டியது நிழலும் மூடாக்கும். மேற்கு வெயிலை மட்டும் மறைத்தால் போதும், காலை வெயில் செடிக்கு வேண்டும். எனக்கு மேற்கே முருங்கை நிற்கிறது. உனக்கு மரம் இல்லை, ஐம்பது சதவீத நிழல்வலையை அந்தப் பக்கம் கட்டு. மூடாக்குக்கு, வேரைச் சுற்றி ராகித் தாளோ காய்ந்த சருகோ நாலு விரல் கனத்துக்குப் பரப்பு, தண்டை ஒட்டாமல். கறுப்புத் தொட்டிகளைத் தளத்தில் நேராக வைக்காதே, செங்கல் மேல் ஏற்றி, வெளிப்பக்கம் சாக்கைச் சுற்றிவிடு. தண்ணீர் விடியற்காலையில், வேரில் மட்டும். ஒருநாள் காயவிட்டு மறுநாள் குளமாக்கினால் இருக்கிற பூவும் கொட்டும்.

நுனித்தளிர் மட்டும் தலை தொங்கினால் தண்ணீர்க் குறை என்று நினைக்காதே. அது தண்டுத் துளைப்பான். தொங்குகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே கிள்ளிப் பிளந்தால் உள்ளே வெளிறிய ரோஸ் நிறப் புழு இருக்கும். அதை எருக்குழியில் போட்டுவிடாதே, அங்கேயே கூடு கட்டி அந்துப்பூச்சியாகத் திரும்ப வரும். சோப்புத் தண்ணீரில் போடு. காயில் ஓட்டை தெரிகிறது என்றால் அது புழு வெளியே போன வழி. உள்ளே போன வழி காம்புத் தொப்பிக்கு அடியில் ஊசிமுனை அளவில் இருந்து மூடிப்போயிருக்கும். அதனால்தான் ஓட்டை இல்லாத காயிலும் புழு இருக்கிறது. வேப்பெண்ணெய் அடிப்பதானால் லிட்டருக்கு ஐந்து மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசலோடு, சாயங்காலம்தான். வெயிலில் அடித்தால் இலை பொசுங்கும். இலையெல்லாம் சின்னச் சின்னதாகக் கொத்தாகிப்போன செடி இருந்தால் அதை மட்டும் தயங்காமல் பிடுங்கிவிடு. அது சிற்றிலை நோய், தத்துப்பூச்சி மற்ற செடிக்கும் கொண்டுபோய்விடும்.

ஆடியில் நாலு தூறல் விழுந்ததும் கத்தரிக்கோலை எடு. தரையிலிருந்து ஒரு முழம் விட்டு, பக்கக்கணுக்கள் இருக்கிற மாதிரி பார்த்து, மேலே உள்ளதை வெட்டிவிடு. மனசு கேட்காதுதான், ஆனாலும் வெட்டு. இரண்டு கை மக்கிய எருவும் ஒரு கை வேப்பம்புண்ணாக்கும் கொத்திவிட்டுத் தண்ணீர் பாய்ச்சு. அந்தப் பழைய வேரிலிருந்து வருகிற துளிர் புது நாற்றை முந்திக்கொண்டு வளரும், புரட்டாசிக்குள் காய் பறிக்கலாம். வருஷக்கணக்கில் வாழக்கூடிய செடியை ஒரு கோடையோடு முடித்துவிடுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம். பறிக்கும்போது தோல் மினுமினுப்பு போவதற்குள் பறித்துவிடு. மங்கிவிட்டால் விதை முற்றிக் கசக்கும், களிக்குக் குழம்பு வைக்க ஆகாது.

புதுச் செடியும் வேண்டும் என்றால் ஆடிப் பட்டத்துக்கு நாற்று விடு. போன வருஷம் தக்காளியோ மிளகாயோ நின்ற மண்ணில் நடாதே, எல்லாம் ஒரே குடும்பம், நோயும் ஒன்றுதான். பிடுங்கிய பழைய செடியின் வேரில் முண்டு முண்டாக இருந்தால் அது நூற்புழு வேலை, சுண்டைக்காய்ச் செடியில் ஒட்டுக் கட்டிய நாற்று கேட்டு வாங்கு. பையூர் வேளாண் ஆராய்ச்சி நிலையம் உனக்குப் பக்கம்தானே, அங்கே போய் விசாரி.

வேலூர்ப் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவர் முள்ளுக்கத்தரி விதை கொடுத்தார். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியதே, அந்த ரகம். உனக்கும் பாதி எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் இவர் கிருஷ்ணகிரிக்கு ஒரு கல்யாணத்துக்கு வருகிறார், கொட்டை எடுத்த புளியோடு அதையும் கொடுத்தனுப்புகிறேன். வருகிறபோது உங்கள் தோட்டத்து மாம்பழம் நாலு கொடுத்துவிடு, ஆனால் மகனிடம் டைல்ஸ் வேண்டாம் என்று முதலில் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் தோழி