யார் மருந்தானாலும் சரி, முடிவில் ஒரு சோதனை வேண்டும்

வடக்கு மாகாண சுகாதாரத் துறைக்கும் சுதேச மருத்துவத் துறைக்கும் பொறுப்பாக இருப்பவர்களுக்கு,

வணக்கம். கடந்த தை மாதம் ஒரு விடியப்புறம் என் அம்மா கிணற்றடியில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் ஹீமோகுளோபின் 6, உடம்பில் இரத்தம் மிகக் குறைவு என்றார்கள். வாய்வழியாகக் குழாய் விட்டு (எண்டொஸ்கோப்பி) பார்த்தபோது சிறுகுடலின் தொடக்கத்தில் புண், அதிலிருந்து இரத்தக் கசிவு. அப்படிப் புண்ணை உண்டாக்குகிற ஹெலிகோபக்ரர் பைலோரிக் கிருமியும் வயிற்றில் இன்னும் இருந்தது. அது போய்விட்டது என்று மூன்று மாதமாக நம்பிக்கொண்டிருந்த வீடு எங்களுடையது.

அதற்குச் சில மாதம் முன்பு, அந்தக் கிருமிக்கென்று அம்மாவுக்கு 14 நாளுக்குக் குளிசை கொடுத்தார்கள்: அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல், அன்ரிபயோட்டிக்குகளான அமொக்சிசிலின், கிளரித்ரோமைசின். வாய் கசக்கும், வயிறு புரட்டும், ஆனாலும் நிறுத்தக்கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. "இரும்பைக் கடிச்ச மாதிரிக் கிடக்கு" என்று ஆறாம் நாள் மிச்சத்தை அலுமாரிக்குள் வைத்துவிட்டார். பிறகு தெரிந்தவர் ஒருவர் சொல்லி ஒரு சூரணம் வாங்கினார். வயிற்றுக் கிருமியை வேரோடு அறுக்கும், இங்கிலிஷ் மருந்து தேவையில்லை என்று சொல்லி விற்றார்கள். நெஞ்செரிவு குறைந்தது. குறைந்ததால்தான் ஏமாந்தோம்.

சில கிழமைகளில் மலம் தார் போலக் கறுத்திருக்கிறது. அம்மா எங்களிடம் சொல்லவில்லை. பிள்ளைகளிடம் சொல்கிற கதையா அது? சூரணம் விற்றவரிடம்தான் கேட்டிருக்கிறார். "உள்ளுக்குக் கிடந்த கழிவு இறங்குது அம்மா, பயப்பிடாதேங்கோ." அம்மாவும் பயப்படவில்லை. தார் போன்ற கறுப்பு மலம் என்றால் மேல்வயிற்றில் இரத்தம் கசிகிறது என்று உங்களில் எவருக்கும் தெரியும். என் அம்மாவுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியப்படுத்துவது யாருடைய வேலை என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

சித்த மருத்துவத்தைக் குறைசொல்ல நான் வரவில்லை. எங்கள் வீட்டுக்குப் பரியாரியார் வந்துபோன காலத்தை அம்மம்மா சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். குன்மம் என்கிற வயிற்று வருத்தத்தை எட்டு வகையாகப் பிரித்துப் பார்த்த மருத்துவம் அது. யாழ்ப்பாணத்துக் கைதடியில் அதைப் பட்டப்படிப்பாகப் படித்து வருகிறார்கள். படித்தவர் அதிமதுரம் கொடுக்கும் முன் பிரஷர் இருக்கிறதா என்று கேட்பார், நாட்பட்டால் அது பிரஷரை ஏற்றும் என்பதால். அம்மாவுக்குப் பிரஷர் இருக்கிறது. சூரணம் விற்றவர் கேட்கவுமில்லை, அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று சொல்லவுமில்லை. தேன், உள்ளி, கருஞ்சீரகம் எல்லாவற்றையும் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். அவற்றில் சில, இந்தக் கிருமியை ஓரளவு அடக்கும். தனியே கொடுத்து முற்றாக ஒழித்துவிடலாம் என்று எதுவும் உறுதியாகவில்லை. நன்மை செய்யும் கிருமிகள் அடங்கிய புரோபயோட்டிக் சேர்த்தால் அன்ரிபயோட்டிக் தருகிற வயிற்றுப்போக்குக் குறையலாம். இவ்வளவையும் ஒரு துண்டுத்தாளில் தமிழில் எழுதலாமே.

நான் முக்கியமாகக் கேட்பது ஒன்றுதான். யார் மருந்து கொடுத்தாலும், கிருமி போய்விட்டதா என்று முடிவில் ஒரு சோதனை செய்ய வேண்டும். அதை எங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலேயே செய்ய வழி வேண்டும். அன்ரிபயோட்டிக் முடிந்து நான்கு கிழமை, ஒமெப்ரசோல் நிறுத்தி இரண்டு கிழமை கழித்து மலத்திலோ மூச்சிலோ பார்க்கிற சோதனை. அம்மாவுக்கு இப்போது இரண்டாம் முறை மருந்து முடிந்திருக்கிறது. விசாரித்த ஓர் இடத்தில் இரத்தம் எடுக்கச் சொன்னார்கள். கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை இரத்தத்தில் பார்த்தால் கிருமி போன பிறகும் மாதக்கணக்கில் இருக்கிறதாகவே காட்டும். அது எங்களுக்கு எதற்கு? இன்னோர் இடத்தில் மாதிரியைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்று சொன்ன காசு, என் அரைமாதச் சம்பளம்.

டொக்டர்கள் பரி மார்ஷலும் ரொபின் வொறனும் 1982இல் ஒஸ்ரேலியாவின் பேர்த் நகரில் வளர்த்தெடுத்த கிருமி இது. இரைப்பைப் புற்றுநோய்க்கு இதுவும் காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994இலேயே சொல்லிவிட்டது. எங்கள் ஊரில் இன்னும் "கஸ்ரிக்", "உறைப்பைக் குறையுங்கோ" என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. தடிமனுக்கு மூன்று அன்ரிபயோட்டிக் குளிசையை டொக்டரின் துண்டில்லாமல் எண்ணிக் கொடுக்கிற கடைகளை யார் பார்க்கிறார்கள்? அப்படி விழுங்கி விழுங்கித்தானே கிருமிக்கு மருந்து பழகிப்போகிறது. முழங்கால் நோவுக்கு மாதக்கணக்கில், வயிற்றைப் புண்ணாக்கக்கூடிய டைக்குளோபினக் போடுகிற கிழவிகளின் வயிற்றை யார் நினைக்கிறார்கள்? தேத்தண்ணிக் கடையில் கிளாஸ் கழுவுகிற தண்ணீரைப் பரிசோதிக்க வருகிறவர்கள், "வேரோடு அறுக்கும்" என்று ஒட்டியிருக்கிற விளம்பரத்தையும் ஒருமுறை நின்று வாசிக்கக்கூடாதா?

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன். தயவுசெய்து அந்தச் சோதனைக்கு வழி செய்யுங்கள். குளிசைப் பையோடும் சூரணப் போத்தலோடும் ஒரே துண்டுத்தாள் போகட்டும்: எத்தனை நாள் எடுக்க வேண்டும், மலம் கறுத்தால் உடனே எங்கே வர வேண்டும், எப்போது திரும்பச் சோதிக்க வேண்டும் என்று. இரு துறையினரும் ஒருநாள் ஒன்றாக இருந்து எழுதினால் முடிகிற வேலை.

அம்மாவின் நான்கு கிழமை முடிய இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணி என்று மட்டும் அறிவியுங்கள். நான் லீவு போட்டுவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
வடமராட்சியிலிருந்து ஒரு மகள்