மில் சர்வர்கள்: வெளியிலிருந்து லாக் பார்ப்பது பற்றி

அனைவருக்கும் வணக்கம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மன்னார்குடி, வேதாரண்யம் பக்கமெல்லாம் நினைத்த நேரத்தில் போய்ச் சேர முடியாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே மில் சர்வரையும் அதன் லாக்கையும் (சர்வரில் நடப்பவையும் பிழைகளும் பதிவாகும் கோப்பு) பார்க்கும் வழியை இப்போதே சரிசெய்துகொள்வோம்.

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் 5432 போர்ட்டை (அது இணைப்புகளை ஏற்கும் வாசல்) இணையத்துக்குத் திறந்து வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்றே மூடிவிடுங்கள். 'நம்ம மில் ஐபி யாருக்குத் தெரியப்போகிறது' என்று விடாதீர்கள். தானியங்கி ஸ்கேனர்கள் இரவு பகலாகத் தட்டிக்கொண்டே இருக்கின்றன. எஸ்எஸ்எச் டனல் (மறையாக்கம் செய்த பாதுகாப்பான இணைப்பு) வழியாக மட்டும் வாருங்கள், பாஸ்வேர்டுக்குப் பதில் கீ (உங்கள் கணினியில் இருக்கும் ரகசியச் சாவிக் கோப்பு) வைத்து.

லாக் பார்க்க சூப்பர்யூசர் (தரவுத்தளத்தில் முழு அதிகாரமுள்ள கணக்கு) தேவையில்லை. போஸ்ட்கிரெஸ் பதிப்பு 10 முதல் பிஜி_மானிட்டர் (pg_monitor) என்ற ரோல், அதாவது ஒரு அனுமதித் தொகுப்பு, இருக்கிறது. அதைக் கொடுத்தால் லாக் கோப்புகளின் பெயர், அளவு, கடைசியாக மாறிய நேரம் எல்லாம் தெரியும். கோப்பைத் திறந்து படிக்க, லாக்_ஃபைல்_மோடு (log_file_mode) என்ற அமைப்பை 0600-லிருந்து (உரிமையாளர் மட்டும் படிக்கலாம்) 0640 (குரூப்பும் படிக்கலாம்) ஆக்கி, உங்கள் லினக்ஸ் கணக்கை அதற்குரிய குரூப்பில் சேர்க்க வேண்டும். லாக் கோப்புறை டேட்டா கோப்புறைக்கு வெளியே இருக்கட்டும். உள்ளேயே இருந்தால் இந்த அனுமதி பலிக்காது. பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அப்புறம், லாக்கை அப்படியே குழுவில் ஒட்டாதீர்கள். பாஸ்வேர்டு மாற்றிய கட்டளைகூட அதில் பச்சையாகப் பதிவாகியிருக்கலாம், விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண்ணும்தான். பிழை வந்த வரியை மட்டும், எண்களை மறைத்துப் போடுங்கள். டனல் அமைக்கத் தெரியாதவர்கள் ஞாயிறு காலை கூப்பிடுங்கள், சேர்ந்தே செய்துவிடலாம்.