நாயில்லாமல் போவதுதான் கொடுமை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் நடக்கும் ஃபெசன்ட் என்னும் பறவையின் வேட்டையைப் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நாய்களை ஏவிவிட்டு அப்பாவிப் பறவைகளைக் கொல்கிறார்கள் என்று அதில் எழுதியிருந்தார்கள். நான் அந்நாட்டின் சவுத் டகோட்டா மாநிலத்தில் வசிப்பவன். அக்டோபர் பிறந்தால் என் லாப்ரடார் நாய் மணியோடு புல்வெளியில்தான் இருப்பேன். உயிரைக் கொல்வதே தவறு என்பவர்களோடு வாதாட நான் வரவில்லை. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பழியைத் தூக்கி நாயின் தலையில் போட்டதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வேட்டை நாய் பறவையைக் கடித்துக் குதறுவதில்லை. புல்லுக்குள் பதுங்கியிருப்பதை மோப்பம் பிடித்து எழுப்பும். விழுந்ததைத் தேடி எடுத்து வரும். இரண்டாவது வேலைதான் பெரிது. ஃபெசன்ட் நம் ஊர் மயிலுக்கும் காட்டுக்கோழிக்கும் உறவுப் பறவை. பறப்பதைவிட ஓடுவதில் கெட்டி. சிறகில் மட்டும் துப்பாக்கி ரவை பட்ட ஃபெசன்ட் சேவல் தரையைத் தொட்ட மறுகணமே ஓட்டம் பிடிக்கும். மனிதக் கண்ணுக்கு அது அகப்படாது.

சென்ற டிசம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். உறைந்துபோன ஒரு சதுப்பின் ஓரத்தில், ஆளுயரச் சம்பங்கோரைக்குள் ஒரு சேவல் விழுந்தது. சாய்ந்து நின்ற ஒரு தண்டைக் காட்டி, அங்கேதான் கிடக்கிறது என்று நானும் நண்பரும் உறுதியாக நம்பினோம். மணி அந்தத் தண்டை ஒரு முறை முகர்ந்துவிட்டு, மூக்கைத் தரையில் பதித்தபடி இடப்பக்கமாகத் திரும்பிக் கோரைக்குள் மறைந்துவிட்டான். தண்டுகள் சலசலக்கும் ஓசை மட்டும் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. வெளியே வந்தபோது முகமெல்லாம் கோரைப் பஞ்சு. வாயில் சேவல், தலையைத் தூக்கி விழித்துக்கொண்டிருந்தது. அவன் பல் பட்டு ஒரு கீறல்கூட இல்லை. அந்தக் கணமே அதன் துன்பத்தை முடித்துவைத்தேன். மணி இல்லாமல் போயிருந்தால் அது ஒடிந்த சிறகோடு குளிரில் கிடந்து நரிக்கு இரையாகியிருக்கும். இதில் எது கொடுமை என்று கட்டுரையாளர் சொல்லட்டும்.

நாயோடு போனால் பறவை கிட்டத்தில் எழும்பும். சேவலுக்கு அடையாளமான கழுத்தின் வெள்ளை வளையமும் நீண்ட வாலும் தெளிவாகத் தெரியும். இங்கே பெட்டையைச் சுடுவது சட்டப்படி குற்றம்; ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று சேவல்கள் மட்டுமே. ஒரே சேவல் பல பெட்டைகளோடு கூடுவதால், சேவல்களில் ஒரு பகுதி குறைவதால் அடுத்த ஆண்டுக் குஞ்சுகள் குறைவதில்லை. நாயில்லாமல் தனியே நடப்பவர் முன்னால் பறவை ஓடி ஓடி எட்டாத தூரத்தில்தான் எழும்பும். ஆசையில் அங்கே சுடுவார்கள். அதுதான் பறவையைச் சாகடிக்காமல் ஊனமாக்கும்.

முயல் பிடிக்கும் நாயை மூஞ்சியைப் பார்த்தால் தெரியும் என்பார்கள். ஃபெசன்ட் நாயைப் பொறுத்தவரை வாலைத்தான் பார்க்க வேண்டும். வால் வேகமாகச் சுழலத் தொடங்கினால் பறவை அருகில் இருக்கிறது என்று பொருள். அந்த வாலைப் படிக்கத் தெரியாதவர்கள் முதல் நாள் கூட்டத்தோடு வந்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அக்டோபரின் மூன்றாவது சனிக்கிழமை தொடங்கும் பருவம் ஜனவரி 31 வரை நீள்கிறது. தொடக்கத்தில் வெயில், அடர்ந்த புல்லில் ஓடும் நாய் சூட்டிலேயே சுருண்டு விழக்கூடும், துப்பாக்கியைவிடத் தண்ணீர்தான் முக்கியம். சோளம் அறுத்த பிறகு பறவைகள் புல்லுக்கும் கோரைக்கும் ஒதுங்கும். டிசம்பர் வந்துவிட்டால் எஞ்சியவை பாடம் படித்த பறவைகள். கார்க் கதவைச் சாத்தும் ஓசைக்கே வயலின் மறுகோடியில் எழும்பிப் போய்விடும். பாத விரல்களுக்கிடையே பனி உருண்டையாகத் திரண்டு நாய் நொண்டும். நின்று அதைக் கையால் உருக்கி எடுக்க வேண்டும். சுணைப்புல்லின் விதை காதுக்குள் போய்விட்டால் அது தானாக வெளியே வராது, உள்ளேதான் ஏறும். அதனால் தினமும் மாலையில் காதையும் விரலிடுக்கையும் தடவிப் பார்க்காமல் நான் சாப்பிட உட்காருவதில்லை.

பண்ணையில் வளர்த்த பறவைகளை அவிழ்த்துவிட்டுச் சுடும் தனியார் வேட்டைப் பண்ணைகளும் இங்கே உண்டு. கட்டுரையில் விவரித்திருந்தது அதைத்தான் என்று தோன்றுகிறது. அதையும் காட்டில் பிறந்து வளர்ந்த பறவையைத் தேடிப்போவதையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

இந்தப் பறவை அழிகிறது என்ற கவலை எனக்கும் உண்டு, ஆனால் காரணம் வேறு. ஃபெசன்ட் இம்மண்ணுக்கு உரியதல்ல. ஷாங்காயில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக இருந்த ஓவன் டென்னி 1880களின் தொடக்கத்தில் சீனாவிலிருந்து அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்துக்கு அனுப்பியவைதான் இந்த நாட்டில் முதலில் நிலைபெற்றன. சவுத் டகோட்டாவில் முதல் வேட்டைப் பருவம் 1919இல், ஸ்பிங்க் மாவட்டத்தில் ஒரே ஒரு நாள். பெட்டை பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டு ஏறக்குறைய 23 நாள் அடைகாக்கும். குஞ்சுகளுக்கு முதல் வாரங்களில் பூச்சிதான் உணவு. அந்தப் பூச்சியும் மறைவும் புல்லில்தான் இருக்கின்றன. உழாமல் புல்லாக விட்டால் உழவருக்கு வாடகை கொடுக்கும் அரசுத் திட்டம் 1985இல் வந்தது. 2007இல் நாடு முழுவதும் 3.6 கோடி ஏக்கருக்கு மேல் அதில் இருந்தது. சோள விலை ஏறியதும் பல இடங்களில் புல்லை உழுதுவிட்டார்கள். நான் வழக்கமாக நடந்த ஒரு மேட்டில் இப்போது வேலியோரம்வரை சோளம். அங்கே வேட்டை நின்றுவிட்டது, பறவையும் இல்லை.

தங்கள் வாசகர்களின் பிள்ளைகள் பலர் இந்தப் பக்கம் படிக்கவும் வேலைக்கும் வருகிறார்கள். நண்பர்கள் அழைத்தால் வேட்டைக்கும் போகிறார்கள். அவர்களிடம் கேட்பது ஒன்றுதான். சொந்த நாய் இல்லையென்றால் பழக்கிய நாய் வைத்திருப்பவரோடு போங்கள். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் அன்று துப்பாக்கியை எடுக்காதீர்கள். இதையும் தங்கள் இதழில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சவுத் டகோட்டா வாசகர் ஒருவர்