அலைன்மென்ட் பண்ணியும் போகாத நடுக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்த்தாண்டம் பக்கம் ஒரு ரோட்டு குழியில விழுந்து எந்திரிச்ச பிறகு என் காருக்கு ஒரு நடுக்கம், ஊருக்குள்ள அவ்வளவா தெரியாது, காவல்கிணறு தாண்டி நாலுவழிச்சாலையில 80 தொட்டா ஸ்டீயரிங் கையில கிடந்து உதறும். ஒர்க்‌ஷாப்புல அலைன்மென்ட் (சக்கரங்க நிக்குற கோணத்த சரிபண்றது) பண்ணி காசு வாங்கிட்டு அனுப்பிட்டாங்க, உதறல் மட்டும் போகல.

அலைன்மென்ட் தப்புன்னா வண்டி ஒரு பக்கமா இழுக்கும், டயர் ஒருபக்கம் தேயும், வேகத்துல உதறுனா முதல்ல பாக்க வேண்டியது வீல் பேலன்சும் (சக்கரத்த சுத்தி எடை சமமா இருக்கான்னு), டயரும் ரிம்மும்தான். ஸ்டீயரிங் ஆடுனா பெரும்பாலும் முன்வீல், சீட்டு ஆடுனா பின்வீல், பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஆடுனா பிரேக் டிஸ்க்க பாக்கணும். இத ஒருத்தரும் கேக்கல.

கடைசியில பக்கத்து வீட்டு அண்ணன், பழைய லாரி டிரைவர், முன்டயரோட உள்பக்கம் கையை விட்டுத் தடவிட்டு "இங்க பாருடே"ன்னார், பாதி எலுமிச்சம்பழம் கணக்கா ஒரு வீக்கம்! வெளிய நின்னு பாத்தா தெரியவே தெரியாது, 80ல வெடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும். பேலன்சிங் மெஷின்ல போட்டா ரிம்மும் லேசா வளைஞ்சிருக்கு. ரெண்டையும் மாத்துனேன், உதறல் நின்னுச்சு.

குழி இன்னும் அங்கதான் கிடக்கு, மழை பெஞ்சு தண்ணி நின்னா அதுவும் தெரியாது. சம்பந்தப்பட்டவங்க சீக்கிரம் மூடுங்க.

வாசகர், தக்கலை