அடர் நிறங்களுக்கு மட்டும் ஏன் விலை கூடியது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் பனியன் கம்பெனியின் புதிய விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் போன் செய்தீர்கள். வெள்ளைக்கும் சந்தன நிறத்துக்கும் பழைய விலை, கருப்பு, கருநீலம், மெரூனுக்கு மட்டும் ஏற்றம். "நூல் ஒன்று, தையல் ஒன்று, அப்புறம் என்ன?" என்று கேட்டீர்கள். வித்தியாசம் சாயத்தில் இருக்கிறது. அதைவிட உப்பில் இருக்கிறது.

பருத்தித் துணியில் சாயம் ஏற உப்புப் போட வேண்டும். வெளிர் நிறத்துக்குக் கொஞ்சம் போதும். அடர் நிறமென்றால் லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம், 80 கிராம் என்று போகும். உப்பு துணியில் தங்காது, கழுவும்போது தண்ணீரோடு வெளியே வந்துவிடும். ஒரு காலத்தில் அது நேராக நொய்யல் ஆற்றுக்குப் போனது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கியது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2006இல் உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் கலக்கக் கூடாது என்றது. கலப்பது நிற்கவில்லை. 2011 ஜனவரியில் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிவிட்டது நீதிமன்றம்.

அந்த மாதங்களை மறக்க முடியாது. கிரே துணியை, அதாவது சாயம் போடாத துணியை, லாரியில் ஏற்றி வெளியூருக்கு அனுப்பிச் சாயம் போட்டோம். ஒரு லாட்டின் ஷேடு அடுத்த லாட்டில் வராது. கப்பல் தேதி தப்பி, கைக்காசு போட்டு விமானத்தில் அனுப்பியதும் உண்டு.

இப்போது எங்கள் பட்டறைக்காரர் கழிவுநீரைக் குழாய் வழியாகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு விடுகிறார். அங்கே ஆர்.ஓ.வில் நல்ல தண்ணீரைப் பிரித்துத் திருப்பித் தருகிறார்கள். மிஞ்சும் உப்புநீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்குகிறார்கள். தண்ணீரைக் கொதிக்க வைக்க என்ன செலவாகும் என்று வீட்டில் அடுப்பு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். உப்பு கூடக் கூடச் செலவும் கூடும். அதுதான் சாயக்கூலியில் ஏறி உங்கள் பில்லுக்கு வருகிறது.

வெளிநாட்டு ஆர்டரில் கணக்கு வேறு. புற்றுநோய் உண்டாக்கும் அமின் என்ற வேதிப்பொருள்களாகச் சிதையக்கூடிய அசோ சாயங்களை ஜெர்மனி 1990களில் தடுத்தது. இந்தியாவும் 1997இல் தடுத்தது. ஐரோப்பாவில் அந்த அமின் ஒவ்வொன்றும் கிலோவுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நல்ல சட்டம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சோதனை பார்ப்பது துணியை. ஆற்றை அல்ல. நொய்யல் நிறம் மாறி ஓடிய காலத்திலும் இங்கிருந்து போன துணிகள் அதில் தேறின. இயற்கைப் பருத்தித் துணிக்குத் தரும் காட்ஸ் (GOTS) போன்ற சில தரமுத்திரைகள்தான் கழிவுநீர் எங்கே போகிறது என்றும் கேட்கின்றன.

அதனால்தான் கழிவை அப்படியே ஆற்றில் விடும் ஊர்க்காரரும் எங்களைப் போலவே டெஸ்ட் ரிப்போர்ட் காட்டி, எங்களைவிடக் குறைவாக விலை சொல்ல முடிகிறது. பையர் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். விலை ஒன்றுதான் வேறாகத் தெரிகிறது. சில ஆர்டர்கள் அப்படிப் போய்விட்டன. அதற்காகப் பட்டறையை மாற்றுவதாக இல்லை.

முன்பணம் கொடுத்த ஆர்டர்களுக்கெல்லாம் பழைய விலைதான். யூனிஃபார்முக்குக் கருநீலம் எடுப்பவர்கள் ஒரு ஷேடு இறங்கி நடுநீலம் எடுத்தால் ஏற்றத்தில் கொஞ்சம் குறைக்க முடியும். கேட்டால் ஷேடு கார்டு அனுப்பி வைக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பனியன் கம்பெனி, திருப்பூர்