கணக்கில் வராத ஆவுளியா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் சென்ற வாரம் வந்த கடல் பசு கணக்கெடுப்புக் கட்டுரையில், 'மீனவர்கள் சொல்லும் எண்ணிக்கையை நம்ப முடியாது' என்று ஒரு வரி இருந்தது. அதற்கு மேல் படிக்க மனசு வரவில்லை. பாக் விரிகுடாவில் முப்பத்தைந்து வருஷமாக நாட்டுப்படகில் போய் வலை விடுகிறவன் நான். தங்கள் இதழைக் காசு கொடுத்து வாங்கிப் படிப்பவனும்கூட.

கடல் பசுவை நாங்கள் ஆவுளியா என்போம். மூக்கை மட்டும் வெளியே நீட்டி ஒரு மூச்சு விட்டு அமிழ்ந்துவிடும். நாலைந்து நிமிஷம் கழித்து வேறெங்கோ எழும். கலங்கல் தண்ணீரில் மேலே பறக்கும் ட்ரோனுக்கு அது அகப்படாது. அது மேயும் கடல் புல்லான கடல் தாழை நடுவே ஏர் ஓட்டிய சால் போலத் தரை தெரிந்தால், அங்கே மேய்ந்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். எத்தனை பாகம் ஆழத்தில் பார்த்தோம், வாடைக் காற்றிலா கச்சான் காற்றிலா, கன்றோடா தனியாகவா என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். கணக்கெடுக்க வந்தவர்கள் "பார்த்தீர்களா, இல்லையா" என்று மட்டும் கேட்டு ஆங்கிலத் தாளில் குறித்துக்கொண்டு போனார்கள். முடிவைச் சொல்ல இன்றுவரை ஒருவரும் திரும்பி வரவில்லை.

எங்களில் சிலர் மறைப்பது உண்மைதான். ஏன் மறைக்கிறார்கள் என்று கட்டுரை எழுதியவர் கேட்டிருக்க வேண்டாமா? சில வருஷங்களுக்கு முன் செத்து ஒதுங்கிய ஒன்றைப் பார்த்து நானே போய் அதிகாரிகளிடம் தகவல் சொன்னேன். காலையில் போனவனைப் பொழுது சாயும்வரை உட்காரவைத்து, "உன் வலையில் பட்டதா?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். 1972ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலியோடு முதல் பட்டியலில் இருக்கிற உயிர். பயம் இருக்காதா? பிறகு என் மைத்துனர் ஒன்று மிதக்கக் கண்டு, படகைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒருமுறை எங்கள் திருக்கை வலையில் ஒரு ஆவுளியா உயிரோடு சிக்கியது. மூச்சு முட்டித் திணறியது. நானும் மகனும் வலையை அறுத்தோம். தோலில் முள்முள்ளாக மயிர். கை பட்டது இன்னும் நினைவிருக்கிறது. கன்று படகைச் சுற்றிச் சுற்றி வந்தது. இரண்டும் போன பிறகுதான் வலை போனதே உறைத்தது. படம் எடுக்கத் தோன்றவில்லை. அதனால் அந்த இரண்டும் எந்தக் கணக்கிலும் இல்லை.

நாடு முழுவதும் இருநூறு சொச்சம்தான் மிச்சம் என்கிறார்கள். பதின்மூன்று, பதினான்கு மாதம் சுமந்து ஒரே ஒரு கன்று போடும். அடுத்ததற்கு மூன்று முதல் ஏழு வருஷம் ஆகும். 2022இல் இங்கே 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசுக் காப்பகமாக அறிவித்தபோது சந்தோஷப்பட்டவர்கள் நாங்கள். தாழையை வேரோடு வாரிப்போகும் இழுவைமடி வலையைப் பற்றித் தங்கள் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. எங்கள் வாய்ச்சொல்லுக்கு மட்டும் ஒரு வரி இருந்தது.

தங்களுக்குத் தெரியாததில்லை. ஆனாலும் சொல்கிறேன்: கட்டுரையோடு போட்டிருந்த படம் ஆவுளியா அல்ல. அதன் வால் விசிறி போல வட்டமாக இருக்கிறது. அது அட்லாண்டிக் பக்கம் வாழும் மானட்டி. எங்கள் ஆவுளியாவுக்கு ஓங்கில் என்கிற டால்பின் போலப் பிளந்த வால். அடுத்த இதழில் சரியான படத்தைப் போட்டு, கீழே 'ஆவுளியா' என்ற பெயரையும் அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு நாட்டுப்படகு மீனவர்,
சேதுபாவாசத்திரம் வட்டாரம்.